சாக்லேட் பாகும் காவோலையும்

மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் படம் பார்ப்பதென்றால் தொலைக்காட்சி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் விடிய விடியப் படம் ஓடும். பெரியவர்கள் பாயில் சரிந்த பிறகு பழைய ஆங்கிலப் பேய்ப்படத்தின் முறை. பிரதியிலிருந்து பிரதி எடுத்துத் தேய்ந்த கசெட். திரையில் பாதி புள்ளிமழை. எங்களை அதிகம் பயமுறுத்தியது அந்தப் புள்ளிமழைதான் என்று இப்போது தோன்றுகிறது.

கண் அரைகுறையாகத் தருவதை மூளை அப்படியே விடுவதில்லை. தன் கைவசம் உள்ளதைப் போட்டு நிரப்பிவிடும். இருட்டில் கிடுகு வேலி ஆளாகத் தெரிவது அதனால்தான். காசில்லாத இயக்குநர்களுக்கு இது வாய்ப்பாகப் போயிற்று. 1981இல் வந்த ‘ஈவில் டெட்’ படத்துக்காகக் கமெராவை ஒரு பலகையில் பூட்டி, இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி காட்டுக்குள் ஓடினார்கள். திரையில் அது பேயின் பார்வை. பேய்க்கு உருவம் செய்யும் செலவு மிச்சம். அந்த வேலையைப் பார்ப்பவரின் தலை இலவசமாகச் செய்துகொடுத்தது.

1968இல் ஜோர்ஜ் ரொமேரோ ஏறத்தாழ 1,14,000 டொலரில் எடுத்த ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’ படத்தில் இரத்தமாக வழிவது சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் நிறம் போய்விட்டால் இரத்தத்துக்கு மிஞ்சுவது கருமையும், பிசுபிசுப்பாக இறங்கும் வேகமும்தானே. பாகுக்கு இரண்டும் உண்டு.

சரி, பாகு என்று தெரிந்த பிறகும் ஏன் பார்க்கிறோம்? உளவியலாளர் போல் ரோசின் இந்த ஆசையை மிளகாய் தின்பதோடு சேர்த்துப் பேசுகிறார். நம் ஊர்க் கறித்தூளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கப்சைசின், சூட்டை உணரும் நரம்பு வாங்கிகளையே தூண்டுகிறது. நாக்கு வேகவில்லை, ஆனால் வெந்துவிட்டதாக உடல் அலறுகிறது. ஆபத்தில்லை என்று மனத்துக்குத் தெரியும். உடல் ஏமாந்ததில்தான் ருசி. அட்டைக் கல்லறை ஆடும் மலிவுப் படம் அந்தத் தைரியத்தை முன்கூட்டியே தந்துவிடுகிறது. பளபளப்பான புதுப் படங்களில் எனக்கு அது கிடைப்பதில்லை.

உடல் மட்டும் அவ்வளவு விரைவில் சமாதானமாகாது. சுரந்த அட்ரினலின் அடங்குவதற்குள் வரும் அடுத்த உணர்வையும் அது பெருக்கிவிடும். அலறிய கையோடு அவ்வளவு சத்தமாகச் சிரித்தது அதனால்தான். ஜெனரேட்டர் நின்றபின் வீட்டுக்கு நடக்கையில் பனங்காணிக்குள் ஒரு காவோலை விழுந்தால் போதும். சிரித்த அத்தனை பேரும் ஓட்டம்.