பின்னணிப் படத்தில் கோடு எங்கிருந்து வருகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சுண்ணாம்புச் சுவரை போனில் படம் எடுத்து என் வலைத்தளத்துக்குப் பின்னணியாகப் போட்டேன். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு. படத்தில் கோடே இல்லையே, எங்கிருந்து வந்தது?"

இரண்டு படங்கள் சந்திக்கும் இடத்திலிருந்து. பின்னணிக்கு ஒரு சின்னப் படத்தைக் கொடுத்தால் பிரவுசர் அதையே பக்கம் நிறைய அடுக்கிவிடும். 1995-இல் வந்த நெட்ஸ்கேப் 1.1 பிரவுசர் காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். டயல்-அப் இணைப்பில் பெரிய படம் இறங்க யுகமாகும், சின்னது ஒருமுறை இறங்கினால் போதும். அடுக்கும்போது ஒன்றின் வலது ஓரம் அடுத்ததன் இடது ஓரத்தோடு ஒட்டி நிற்கும். நிஜச் சுவரில் அவை அக்கம்பக்கத்து இடங்கள் அல்ல, நிறம் லேசாக வேறுபடும். நம் விழித்திரையோ இப்படிப்பட்ட சிறு வேறுபாட்டையும் பெரிதுபடுத்தியே காட்டும்.

உடனே ஓரங்களைத் தேய்த்து மங்கலாக்கத் தோன்றும். பயனில்லை. ஓரத்தின் மறுபக்கம் என்ன வரும் என்பதே அப்போது கண்ணில் படாது. இதற்குத்தான் ஃபோட்டோஷாப், கிம்ப் என்ற பட மென்பொருள்கள் இரண்டிலும் படத்தைத் தள்ளிவைக்கும் 'ஆஃப்செட்' வசதி இருக்கிறது.

256 பிக்சல் அகலமுள்ள சதுரப் படம் என்று வைத்துக்கொள்வோம். பிக்சல் நெடுவரிசைகளுக்கு 0 முதல் 255 வரை எண் போடுங்கள். மொத்தப் படத்தையும் 128 பிக்சல் வலப்பக்கம் தள்ளுங்கள். வலப்புறம் வெளியே போவது இடப்புறமாக உள்ளே வரட்டும். இப்போது இடது ஓரத்தில் நிற்பது 128-ஆம் வரிசை, வலது ஓரத்தில் 127. இரண்டும் மூலப் படத்தில் அடுத்தடுத்து இருந்தவை! அடுக்கினால் மறுபடி சேர்ந்துகொள்ளும், கோடு தெரிய வழியே இல்லை. சண்டைக்காரர்களான 255-உம் 0-வும் படத்தின் நடுவில் மோதிக்கொண்டு நிற்கும். கீழ்நோக்கியும் அதே அளவு தள்ளினால் நடுவில் பெரிய கூட்டல் குறி தெரியும். படத்தின் ஓரிடத்தை நகலெடுத்து வேறிடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப் கருவியை எடுத்து அதை மறைக்க வேண்டியதுதான்.

ஒரு சிக்கல் உண்டு. கூட்டல் குறியின் நான்கு நுனிகளும் ஓரத்தைத் தொடும். அங்கே கை வைத்தால் புதுக் கோடு முளைக்கும். நுனிகளை விட்டுவிட்டு, இன்னொரு முறை வலப்பக்கமும் கீழ்நோக்கியும் 64 பிக்சல் தள்ளுங்கள். அவையும் உள்ளே வந்துவிடும்.

ஏன் எவ்வளவு தள்ளினாலும் நடக்கிறது? படத்தின் இடது, வலது ஓரங்களை ஒட்டினால் குழாய். குழாயின் இரு வாய்களையும் ஒட்டினால் உளுந்து வடை. வடையின் மேற்பரப்பில் ஓரம் என்று எதுவுமே கிடையாது. ஆஃப்செட் செய்வதென்றால் அதை வேறு இடத்தில் வெட்டி விரிக்கிறோம், அவ்வளவுதான்.

கோடு போனாலும் கண்ணை ஏமாற்றிவிட முடியாது. சுவரில் ஒரே ஒரு கறை இருந்தால் போதும், அது வரிசை கட்டி நிற்கும். இதற்கு மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஓரங்களில் நிறம் பூசிய சதுரங்களை, திருப்பாமல், ஒரே நிற ஓரங்கள் மட்டும் தொடும்படி அடுக்கி முடிவில்லாத சமதளம் முழுவதையும் நிரப்ப முடியுமா என்று 1961-இல் தர்க்கவியலாளர் ஹாவ் வாங் கேட்டார். சுத்தமான தர்க்கவியல் கேள்வி; வெளியானதோ பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்விதழில். தளத்தை நிரப்பினாலும் ஒருபோதும் ஒரே ஒழுங்கில் திரும்ப வராத சதுரத் தொகுப்பு உண்டு என்று அவருடைய மாணவர் ராபர்ட் பெர்கர் 1966-இல் நிரூபித்தார். அதற்கு 20,426 வகைச் சதுரங்கள் தேவைப்பட்டன. இன்றைக்கு இதற்கு நிதி கேட்டுப் போனால் "யாருக்கு என்ன லாபம்?" என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2003-இல் கணினி வரைகலை ஆய்வாளர்கள் வாங்கின் சதுரங்களில் வெறும் 8 வகையை எடுத்து, ஒரே நிற ஓரங்கள் சேரும் இடத்தில் படம் தொடரும்படி அவற்றில் படங்களை நிரப்பினார்கள். எந்த இடத்துக்கும் பொருந்துகிற சதுரங்கள் குறைந்தது இரண்டு இருக்கும். அதில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து வைத்தாலே புல்வெளி புல்வெளியாகத் தெரிகிறது.

வாசகரின் சுவருக்கு அவ்வளவு வேண்டாம். வெளிச்சம் சீராக விழும்போது படம் எடுங்கள், கறையை முதலிலேயே அழியுங்கள், ஆஃப்செட் வேலையை முடித்து பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் 8×8 பிக்சல் கட்டங்களைத் தனித்தனியாகச் சுருக்கும். தரத்தை ரொம்பக் குறைத்தால் ஓரத்து நிறங்கள் மறுபடி பிசகும்.