கேஜ் எங்கே மாட்டுவது என்பதற்கு முன்னால் சென்சார் எங்கே உட்காரும் என்று கேளுங்கள்

ஸ்போர்ட்ஸ் காரில் கூடுதல் கேஜ், அதாவது பிரஷர், சூடு போன்றவற்றைக் காட்டும் தனி மீட்டர், போட வருகிறவர்கள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தில்தான் தொடங்குகிறார்கள். 52 மில்லிமீட்டரா 60-ஆ, வெள்ளை வெளிச்சமா சிவப்பா, முன்கண்ணாடியோரத் தூணான பில்லரிலா டேஷ்போர்டு மேலேயா என்றெல்லாம் நிறைய யோசித்து வைத்திருப்பார்கள். சென்சார் எஞ்சினில் எந்த இடத்தில் உட்காரப் போகிறது, அதற்கு எர்த் எங்கிருந்து வரும் என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் கேஜ் போட்ட பிறகு கோளாறு என்று திரும்பி வருகிற கார்களில் நான் பார்க்கும் பிரச்சினை அநேகமாக அங்கேதான் இருக்கிறது.

கம்பெனி கொடுத்த மீட்டரே போதாதா? சாதாரணமாக ஓட்டுகிறவருக்குப் போதும். டிராக்கில் ஓட்டுகிறவருக்கும், டர்போ போட்டவருக்கும், பவரைக் கூட்டியவருக்கும் போதாது. பல கார்களில் டெம்பரேச்சர் முள் வேண்டுமென்றே நடுவில் நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100-ஐத் தாண்டினாலும் முள் அதே இடத்தில்தான் இருக்கும், அது மேலே ஏறுவதை நீங்கள் கவனிக்கும்போது சூடு எல்லை தாண்டியிருக்கும். ஆயில் பிரஷர் லைட் இன்னும் மோசம். அதை எரிய வைக்கும் சுவிட்ச் பெரும்பாலும் 5 முதல் 7 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கும் அலகு) வாக்கில்தான் வேலை செய்யும், அதாவது 6000 ஆர்பிஎம்மில் 60 இருக்க வேண்டிய பிரஷர் 20-க்கு இறங்கினாலும் அந்த லைட் வாய் திறக்காது. சில கார்களில் முள்ளே இருந்தாலும் நம்ப முடியாது: முதல் தலைமுறை மஸ்டா மியாட்டாவில் ஆரம்பத்தில் நிஜப் பிரஷரைக் காட்டும் கேஜ் இருந்தது, 1990களின் நடுவில் அதே இடத்தில் ஒரு முள் இருந்தாலும் அதன் பின்னால் இருந்தது வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச்தான்.

ஒரே ஒரு கேஜ்தான் போட முடியும் என்றால் ஆயில் பிரஷர் போடுங்கள். இரண்டு என்றால் ஆயில் டெம்பரேச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றைப் பார்க்காமல் மற்றதற்கு அர்த்தம் சொல்ல முடியாது. காலையில் குளிர்ந்த ஆயிலில் பிரஷர் 70, 80 என்று நிற்கும், நன்றாக ஓட்டிவிட்டு சிக்னலில் நிற்கும்போது 15-க்கு வரும், புதிதாகக் கேஜ் போட்டவர்கள் அதைப் பார்த்துப் பதறிப் போன் செய்வார்கள். ஆயில் 110 டிகிரியில் இளகியிருக்கும்போது ஐடிலில் அந்த 15 பல எஞ்சின்களுக்குச் சரியான அளவுதான். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, ஆனாலும் உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்தான் கடைசி வார்த்தை.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது சம்பில், அதாவது எஞ்சினின் அடித்தொட்டியில், உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும், 55-ல் இருந்த முள் ஒரு நொடி 20-க்குத் துள்ளி விழுந்து திரும்ப ஏறும். அந்த ஒரு நொடியில் கிராங்க் பேரிங் ஆயில் படலம் இல்லாமல் சுற்றுகிறது. இதைப் பார்த்தால் அடுத்த லேப் வேண்டாம். ஆயில் அளவைப் பாருங்கள், சரியாக இருந்தும் விழுகிறது என்றால் சம்புக்குள் தடுப்புத் தகடு போடாமல் டிராக்கில் ஓட்டாதீர்கள்.

சரி, சென்சாருக்கு வருவோம். கடையில் கிடைக்கும் சென்சார்கள் பலவும் அமெரிக்க அளவான 1/8 என்பிடி மரை, ஜப்பானிய எஞ்சின்களில் ஆயில் பிரஷர் துளை பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவான 1/8 பிஎஸ்பிடி. ஒன்றில் அங்குலத்துக்கு 27 மரை, மற்றதில் 28, கோணமும் வேறு. இரண்டு மூன்று சுற்று ஒழுங்காகவே ஏறும், அப்புறம் இறுகும், நுனி நோக்கிக் குறுகும் டேப்பர் மரை என்பதால் இறுகுகிறது என்று நினைத்து ஸ்பேனரைப் பிடித்து அழுத்தினால் அலுமினிய பிளாக்கில் உள்ள மரை போய்விடும். சின்ன அடாப்டர் ஒன்றில் முடிய வேண்டிய வேலை அது.

இன்னொன்று, பித்தளை டீ (T வடிவ இணைப்பு) ஒன்றை பிளாக்கில் நேராகத் திருகி, அதன் நுனியில் கனமான சென்சாரைத் தொங்கவிடுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எஞ்சின் அதிர்வில் டீயின் கழுத்து விரிசல் விட்டு, ஆயில் எக்ஸாஸ்ட் மேல் பீச்சியடித்த காரைப் பார்த்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் கவசமெல்லாம் கறுத்துப்போயிருந்தது, தீப்பிடிக்காதது அதிர்ஷ்டம். கம்பி பின்னிய ஹோஸ் ஒன்றைப் போட்டு சென்சாரை பாடியில் கிளாம்ப் செய்யுங்கள், அல்லது ஆயில் ஃபில்டருக்கு அடியில் சென்சார் துளை உள்ள சாண்ட்விச் பிளேட் போடுங்கள். ஆயிலையே மெல்லிய குழாயில் கேபினுக்குள் கொண்டுவரும் மெக்கானிக்கல் கேஜை நான் தெருவில் ஓடும் காரில் போடுவதே இல்லை. அந்தக் குழாய் விட்டுப்போனால் கொதிக்கிற ஆயில் ஓட்டுகிறவர் கால்மேல்தான் வரும்.

எர்த் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒற்றை ஒயர் சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது, அதில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் முள் பொய் சொல்லும். ரேடியேட்டர் ஹோஸுக்கு நடுவில் அலுமினிய அடாப்டர் போட்டு அதில் சென்சார் வைத்தால் இரண்டு பக்கமும் ரப்பர், எர்த்தே கிடையாது. அடாப்டரிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்தே ஆக வேண்டும். ஹோஸ் சென்சாரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கூலன்ட் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருக்க முள் கீழே இறங்கும். காரணமில்லாமல் சூடு திடீரென்று குறைவதாகக் காட்டினால் அதையும் ஆபத்தாகவே எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

டர்போ கார்களில் டர்போ தள்ளும் காற்றின் பிரஷரைக் காட்டும் பூஸ்ட் கேஜ் சுலபமான வேலை, நல்ல வேக்யூம் ஹோஸும் ஒழுங்கான கிளாம்பும் போதும். எக்ஸாஸ்டில் உட்கார்ந்து காற்று-எரிபொருள் விகிதத்தைச் சொல்லும் வைட்பேண்ட் சென்சார் அப்படியில்லை. கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸாஸ்டில் சேரும் நீர்த்துளி அதைக் கொன்றுவிடும். எஞ்சின் ஓடும்போது அதன் ஹீட்டருக்குக் கரன்ட் இல்லாமல் விட்டாலும் கரி படிந்து கெட்டுப்போகும்.

பில்லரில் கேஜ் பாட் (கேஜை உட்கார வைக்கும் கூடு) வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் அந்தப் பில்லருக்குள் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே எதையும் ஒட்டாதீர்கள், அதன் பாதையில் ஒயரும் இழுக்காதீர்கள். ஏர்பேக் விரியும்போது கேஜ் முகத்தை நோக்கித்தான் பறக்கும். ஒயரிங்கில் தனி பியூஸ், எஞ்சின் அறைச் சுவரைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம், இரண்டும் கட்டாயம்.

அப்புறம், வேகமாக ஓட்டும்போது யாரும் கேஜைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. அலாரம் உள்ள கேஜ் வாங்கி, பிரஷர் குறைந்தால் கண்ணுக்கு நேராகப் பளிச்சென்று ஒரு லைட் எரியும்படி வையுங்கள். மாட்டிய முதல் வாரத்திலேயே குளிர்ந்த ஸ்டார்ட், சூடான ஐடில், சூடான 3000 ஆர்பிஎம் மூன்றிலும் என்ன காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் 50 காட்டிய இடத்தில் ஒரு நாள் 40 காட்டினால், ஆயில் அதே சூட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக்கை எடுங்கள், அப்புறம் சென்சாரின் ஒயரையும் எர்த்தையும் சோதியுங்கள், எல்லாம் சரியாக இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் தற்காலிகமாக ஒரு மெக்கானிக்கல் கேஜை இணைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது முள் பூஜ்யத்துக்குப் போனால் மட்டும் சென்சார் கெட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீடுவரை ஓட்டாதீர்கள், ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள், சோதனையெல்லாம் அதற்குப் பிறகு.