கோடு வந்துருச்சு, ஹிஸ்டரி எங்க?

கிட்ல (கோடு மாற்றங்கள ஹிஸ்டரியோட சேத்து வைக்கற டூல்) ரிலீஸ் பிராஞ்ச்ல, அதாவது வெளியிடற வெர்ஷனோட கிளைல, ஒரு ஃபிக்ஸ் போட்டாச்சு, அதே ஃபிக்ஸ் மெயின்லயும் (முதன்மை கிளை) வேணும். இதுக்கு நம்ம டீம்கள்ல நான் அதிகமா பாக்குற வழி என்னன்னா, ரெண்டு ஃபோல்டர்ல ரெண்டு பிராஞ்சையும் எடுத்து வச்சுக்கிட்டு, இங்கருந்து ஃபைல காப்பி பண்ணி அங்க பேஸ்ட் பண்ணி, "ரிலீஸோட சிங்க்"னு ஒரு மெசேஜ தட்டி கமிட் பண்ணிடறது (மாற்றத்த ஹிஸ்டரில பதிவு பண்றது). பில்ட் ஓடும், டெஸ்டர் ஓகே சொல்லுவாரு, டிக்கெட்ட மூடிடுவாங்க. பிரச்சினை அன்னிக்கு வராது. ரிலீஸ் வேலை பாக்குறதால, அது வர்ற அன்னிக்கு கூப்பிடறது என்னை மாதிரி ஆளுங்களத்தான்.

ஒரு பில்லிங் ப்ராஜெக்ட்ல நடந்தது. டாக்ஸ ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியா ரவுண்ட் பண்ற ஒரே ஒரு லைன் கோடு, பாத்தா கிறுக்குத்தனமா தெரியும், மொத்தத்துக்கு ஒரே தடவ பண்ணா போதாதான்னு யாருக்கும் தோணும். ரிலீஸ் பிராஞ்ச்ல அத எழுதுனவரு கமிட் மெசேஜ்ல தெளிவா சொல்லிருந்தாரு: "மொத்தத்துல ரவுண்ட் பண்ணா கிளையன்ட் சாஃப்ட்வேர் கணக்கோட 1 ரூபா இடிக்குது, அதனால ஐட்டம் வாரியா." ஆனா மெயினுக்கு அது பேஸ்ட் ஆகித்தான் வந்துச்சு. அங்க ப்ளேம் (ஒவ்வொரு லைனையும் யாரு, எப்போ மாத்துனாங்கன்னு காட்டற கமாண்ட்) போட்டா காப்பி பண்ணவர் பேரு, காப்பி பண்ண தேதி, மெசேஜ் "சிங்க்". புதுசா வந்த பையன் ப்ளேம் போட்டு பாத்தான், காரணம் எதுவும் இல்ல, சரி யாரோ தெரியாம எழுதிருக்காங்கன்னு க்ளீன் பண்ணிட்டான். அடுத்த ரிலீஸ்ல அதே 1 ரூபா பக் திரும்ப வந்துச்சு. அந்தப் பையன குறை சொல்லவே முடியாது, பாக்க வேண்டியத பாத்துட்டுத்தான் கை வச்சான்.

இத விட மோசம் ஒண்ணு இருக்கு. முழு ஃபைலையும் தூக்கிட்டு வந்து போடுறப்போ, மெயின்ல அதே ஃபைல்ல வேற ஒருத்தர் போன வாரம் போட்ட மாற்றம் மேலயும் அது ஏறி உக்காந்துடும், கான்ஃப்ளிக்ட்னு (ரெண்டு மாற்றம் ஒரே இடத்துல இடிக்குதுங்கற எச்சரிக்கை) ஒரு வார்த்தை கூட வராது. வரலையேன்னு சந்தோஷப்படாதீங்க, வராததுதான் இங்க கோளாறு. கிட் செக்அவுட்ல பிராஞ்ச் பேரும் ஃபைல் பேரும் குடுத்து எடுக்கறதும், 2019ல வந்த கிட் ரீஸ்டோர்ல சோர்ஸ் குடுத்து எடுக்கறதும் இதே கதைதான். கமாண்ட்ல பண்ணா ஹிஸ்டரி கூடவே வரும்னு நிறைய பேரு நம்பிக்கிட்டு இருக்காங்க, வராது, அந்த நிமிஷத்துல ஃபைல் எப்படி இருந்துச்சோ அது மட்டும்தான் வரும்.

ஒண்ணு ரெண்டு கமிட் மட்டும் வேணும்னா செர்ரி பிக் பண்ணுங்க. அது ஃபைல தூக்காது, அந்த கமிட் பண்ண மாற்றத்த மட்டும் எடுத்து இங்க மெர்ஜ் (ரெண்டு பிராஞ்ச ஒண்ணா சேக்கறது) மாதிரி போட்டுப் பாக்கும், இடிச்சா கான்ஃப்ளிக்ட்னு சொல்லும். எழுதுனவர் பேரும் எழுதுன தேதியும் அப்படியே வரும், கமிட்டர்ங்கற இடத்துல மட்டும் உங்க பேரு வரும். ஆனா ஹேஷ் (ஒவ்வொரு கமிட்டுக்கும் கிட் குடுக்கற அடையாளக் குறி) புதுசு, அதாவது கிட்டோட கணக்குல இது வேற ஒரு கமிட், பழசுக்கும் இதுக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்ல. அந்த ஒட்ட நாமதான் போடணும், அதுக்குத்தான் மைனஸ் எக்ஸ்னு (-x) ஒரு ஆப்ஷன் இருக்கு, எந்த கமிட்லருந்து எடுத்ததுன்னு மூல ஹேஷோட ஒரு வரிய மெசேஜ் கடைசில சேத்துடும். கான்ஃப்ளிக்ட் வந்து கையால சரி பண்ணிருந்தா மட்டும் அந்த வரி நிஜமாவே மெசேஜ்ல இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, இல்லன்னா நீங்களே எழுதுங்க. உங்க லேப்டாப்ல மட்டும் இருக்கற பிராஞ்ச்லருந்து எடுத்தா இது தேவையில்ல, அந்த ஹேஷ வச்சு மத்தவங்க தேடுனா ஒண்ணும் கிடைக்காது.

வரிசையா நிறைய கமிட் எடுக்கறப்போ ஒரு வழக்கமான சறுக்கல்: ரெண்டு ஹேஷுக்கு நடுவுல ரெண்டு புள்ளி வச்சு குடுத்தா முதல் கமிட் உள்ள வராது, அதுக்கு அடுத்ததுலருந்துதான் எடுக்கும். முதல் ஹேஷ் பின்னாடி ஒரு கேரட் (^) போட்டாத்தான் அதுவும் சேந்து வரும்.

இப்ப மேனேஜர் வந்து கேப்பாரு, அந்த ஃபிக்ஸ் 3.2 ரிலீஸ்ல இருக்கா இல்லையா? நம்ம ஆளு கிட் பிராஞ்ச்ல கன்டெய்ன்ஸ் (ஒரு கமிட் எந்தெந்த பிராஞ்ச்ல இருக்குன்னு காட்டற ஆப்ஷன்) போட்டு பழைய ஹேஷ குடுப்பான், 3.2 லிஸ்ட்ல வராது, "இல்ல சார்"ம்பான். ஆனா ஃபிக்ஸ் அங்க இருக்கு, வேற ஹேஷ்ல. இந்த இடத்துல கிட் செர்ரினு ஒரு கமாண்ட் இருக்கு (பிக் இல்லாம, வெறும் செர்ரி), அது ஹேஷ பாக்காம மாற்றத்தையே ஒப்பிட்டு, அந்தப் பக்கம் ஏற்கனவே இருக்கற கமிட்டுக்கு மைனஸ் போட்டுக் காட்டும். கான்ஃப்ளிக்ட்ல மாற்றம் கொஞ்சம் திருத்தப்பட்டிருந்தா இதுவும் ஏமாந்துடும். அப்போ மிச்சம் இருக்கறது அந்த மைனஸ் எக்ஸ் வரி ஒண்ணுதான், லாக்ல (கமிட் பட்டியல்) பழைய ஹேஷ தேடிப் புடிச்சுடலாம்.

லினக்ஸ் கெர்னல்ல ஸ்டேபிள் வெர்ஷனுக்கு வர்ற பேட்ச எடுத்துப் பாருங்க, மெசேஜ்ல மேலயே மெயின்லைன் (கெர்னலோட முதன்மை கிளை) கமிட்டோட முழு 40 எழுத்து ஹேஷும் பக்கத்துல அப்ஸ்ட்ரீம்ங்கற வார்த்தையும் இருக்கும். அங்க மொதல்ல மெயின்லைன்ல போகணும், அப்புறம்தான் பழைய வெர்ஷனுக்கு இறங்கும், அதனால ஒவ்வொரு நகலுக்கும் மூலம் எதுன்னு எழுதியே ஆகணும். கிட் டூல உருவாக்குறவங்க அவங்க சொந்த ப்ராஜெக்ட்ல நேர் எதிரா பண்றாங்க: ஃபிக்ஸ எது பழைய பிராஞ்சோ அதுல போடு, அங்கருந்து மேல மேல மெர்ஜ் பண்ணு. என் ஓட்டு இதுக்குத்தான். பக் எங்க ஆரம்பிச்சுதோ அந்தப் புள்ளிலருந்து ஒரு சின்ன பிராஞ்ச் எடுத்து, அதுல ஃபிக்ஸ போட்டு, ரிலீஸுக்கும் மெயினுக்கும் ரெண்டுலயும் மெர்ஜ் பண்ணா ஒரே கமிட், ஒரே ஹேஷ், கன்டெய்ன்ஸும் உண்மைய சொல்லும். ரெண்டு வருஷம் விலகிப் போன பிராஞ்ச்ல இது நடக்காது, அங்க செர்ரி பிக்தான்.

செர்ரி பிக் பண்ணவங்க இன்னொன்னும் தெரிஞ்சுக்கணும், இதுல நிறைய பேரு மாட்டிருக்காங்க. ரிலீஸ்ல இருக்கற கமிட்ட மெயினுக்கு எடுக்கறீங்க, மெயின்ல அது சரியில்லன்னு ரிவர்ட் பண்றீங்க (போட்ட மாற்றத்த திரும்ப எடுக்கறீங்க), ஒரு மாசம் கழிச்சு ரிலீஸ் பிராஞ்ச மெயின்ல மெர்ஜ் பண்றீங்க. ரிவர்ட் பண்ணது சத்தமில்லாம திரும்ப உள்ள வந்துடும். மெர்ஜ் பாக்குறது மூணே மூணு புள்ளிதான், பொது மூதாதை, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மெயின் மூதாதை மாதிரியே இருக்கு, ரிலீஸ்ல மட்டும் மாறிருக்கு, அப்போ ரிலீஸ்ல இருக்கறதுதான் புதுசுன்னு எடுத்துக்கும். நடுவுல நீங்க போட்டு எடுத்ததெல்லாம் அதுக்கு கணக்கே இல்ல.

ஃபைல் பேரு மாத்துறதும் இதுல சேத்திதான். கிட் பேரு மாத்துனத எங்கயும் எழுதி வைக்கறதில்ல, ரெண்டு ஃபைலும் 50 சதவீதத்துக்கு மேல ஒத்துப் போனா இது அதுதான்னு ஊகிக்குது, அவ்வளவுதான். பேரையும் மாத்தி உள்ளயும் பாதிக்கு மேல மாத்தி ஒரே கமிட்ல தள்ளுனீங்கன்னா ஹிஸ்டரி அந்த இடத்துலயே அறுந்துடும், பழைய பிராஞ்ச்லருந்து வர்ற செர்ரி பிக்கும் "அந்த ஃபைலே இங்க இல்லையே"ன்னு நிக்கும். நகத்துறது தனி கமிட், திருத்துறது தனி கமிட்.

ஸ்குவாஷ் மெர்ஜ (எல்லா கமிட்டையும் ஒண்ணா சுருக்கி சேக்கறது) பத்தி எனக்கு பெரிய புகார் இல்ல, சின்ன ஃபீச்சருக்கு நல்லதுதான். ரிலீஸ் பிராஞ்ச மெயின்ல சேக்கறதுக்கு மட்டும் அத அமுக்காதீங்க, பதினஞ்சு பேரு வேலை ஒரே கமிட்டா சுருண்டுடும், கிட்டுக்கு மெர்ஜ் நடந்ததே தெரியாது, அடுத்த தடவ மெர்ஜ் பண்றப்போ பழசெல்லாம் மறுபடி கணக்குல வரும்.

இன்னும் எஸ்விஎன்ல (சப்வெர்ஷன், கிட் மாதிரி இன்னொரு டூல்) இருக்கறவங்களுக்கு: 2008ல வந்த 1.5 வெர்ஷன்லருந்து எந்த ரிவிஷன் (அங்க கமிட்டுக்குப் பேரு) மெர்ஜ் ஆச்சுன்னு மெர்ஜ்இன்ஃபோங்கற ப்ராப்பர்ட்டில அதுவே எழுதி வைக்குது. நான் ஒண்ணும் மாத்தலையே, ஃபோல்டர் ஏன் மாறிருக்குன்னு காட்டுதுன்னு அத ரிவர்ட் பண்ணிட்டு ஃபைல மட்டும் கமிட் பண்றவங்க இருக்காங்க, அத ஃபோல்டரோட சேத்தே கமிட் பண்ணுங்க, இல்லன்னா அடுத்த மெர்ஜ்ல அதே ரிவிஷன் எல்லாம் திரும்ப வந்து இடிக்கும்.