அலைபடும் கரையில் உறைகிணறுகள்: புகார் கரைந்த விதம்

பூம்புகாரை ஒட்டிய வானகிரிக் கடற்கரையில், கடல்நீர் ஏறி இறங்கும் பகுதியிலேயே, சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய உறைகிணறுகளும் செங்கல் கட்டுமானங்களும் கண்டறியப்பட்டுள்ளன. புகார் என்னும் காவிரிப்பூம்பட்டினம், சோழரின் பழைய துறைமுக நகரம், எப்படி அழிந்தது என்பதற்கு இவற்றைவிட நேர்மையான சாட்சி வேறில்லை என்று கருதுகிறேன்.

உறைகிணறு மணற்பாங்கான நிலத்துக்கு உரியது. தளர்ந்த மணல் சரிந்து ஊற்றை மூடிவிடாமல் சுடுமண் உறைகள் தடுக்கின்றன. கடலோர மணலில் நல்ல தண்ணீர் கிடைப்பதற்கு அடர்த்தி வேறுபாடே காரணம்: மழைநீரைவிடக் கடல்நீர் ஏறத்தாழ 2.5 விழுக்காடு கனமானது என்பதால், மணலுக்குள் இறங்கும் மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. கரையை நெருங்க நெருங்க இந்த நன்னீர்ப் படலம் மெலிந்து, நீர்விளிம்பில் அற்றுப்போகிறது. குடிநீருக்காகத் தோண்டிய கிணறுகள் இன்று அலைபடும் இடத்தில் நிற்கின்றன என்றால், அவற்றைத் தோண்டியபோது கடற்கரை இன்னும் கிழக்கே இருந்தது என்பது உறுதியாகிறது.

இதற்கு நேர்மாறான காட்சி பூம்புகாரை அடுத்த கீழையூரில் இருக்கிறது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது, பெரிய செங்கற்களால் கட்டிய படகுத்துறையும் படகுகளைக் கட்டுவதற்கான மரத்தூண்களும் கிடைத்தன. மரம் உயிரோடிருக்கும்வரை காற்றிலிருந்து பெறும் கதிரியக்கக் கார்பன், அது இறந்தபின் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சிய அளவைக் கொண்டு கணக்கிட்டதில், அந்தத் தூண் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனத் தெரியவந்தது. யவனர் இருப்பிடங்கள் கொண்ட மருவூர்ப்பாக்கம் என்னும் புகாரின் கடலோரப் பகுதியும் புலி முத்திரை பொறித்த பண்டங்களும் பழந்தமிழ்ப் பாடல்களில் இடம்பெறுவதற்கு முன்பே துறைமுகம் இயங்கியிருக்கிறது. அந்தத் துறை இன்று தண்ணீரே இல்லாத தரையில் கிடக்கிறது.

ஒரே நகரத்தின் ஒரு பகுதியைக் கடல் எடுத்துக்கொள்ள, மறுபகுதியை ஆறு கைவிட்டது எப்படி? இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கழிமுகம் என்பது வண்டலின் வரவும் அரிப்பின் செலவும் சமன்படும்வரை மட்டுமே நிலைக்கும் நிலம். காவிரி போன்ற ஆறு தான் கொண்டுவந்த மண்ணாலேயே தன் படுகையை உயர்த்திக்கொண்டு, பிறகு தாழ்வான வேறு வழியைத் தேடிப் பிரிகிறது. அப்படிப் பிரிந்தால் பழைய கிளை தூர்ந்துபோகும். அதன் துறை வறண்டுவிடும். அதன் முகத்துவாரத்துக்குப் புதிய மணல் வருவதும் நின்றுவிடும். சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் அலைகள் மணலை வடக்கு நோக்கியே நகர்த்துகின்றன. அந்த இழப்பை ஈடுசெய்ய ஆற்று மணல் வராவிட்டால் கரை பின்வாங்கத்தான் வேண்டும். புதிதாக மண் நிரப்பிய மனை ஒரு மழைக்காலம் கழிந்ததும் தாழ்ந்துவிடுவதைப் போல, இளம் வண்டல் தன் எடையாலேயே அழுந்தி அமிழ்வதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

இந்திரவிழாவைச் சோழ மன்னன் மறந்ததால் கடல் ஊரைக் கொண்டது என்கிறது மணிமேகலை. ஒரு பெரும்புயலோ ஆழிப்பேரலையோ அந்த நினைவுக்குள் இருக்கலாம். ஆயினும் ஊர் முற்றாக மறைந்துவிடவில்லை. புகாரிலுள்ள சிவன் கோயிலான பல்லவனீச்சரத்தருகே அகழ்ந்தெடுத்த பௌத்த விகாரம் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. புத்தரின் திருவடிகள் செதுக்கிய கல் ஒன்றும் அங்கே கிடைத்தது. 7ஆம் நூற்றாண்டில் பட்டினத்துப் பல்லவனீச்சரத்தைச் சம்பந்தர் பாடும்போது அது வழிபாடு நடக்கும் ஊராகவே இருக்கிறது. ஒரே இரவில் மூழ்கிய நகரத்துக்கு இத்தகைய தொடர்ச்சி இருக்க முடியாது.

1991இல் தேசியக் கடலியல் நிறுவனம் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவ அமைப்பொன்றைப் பதிவுசெய்தது. கடல் மட்டம் அந்த அளவுக்குத் தாழ்ந்திருந்தது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு. அந்த ஆழத்தை வைத்துச் சங்ககாலப் புகாரின் வயதை முன்னே தள்ளுவது முறையாகாது. கட்டடத்தின் வயதைச் சொல்லவேண்டியவை அதன் செங்கல்லும் மரமும் பானை ஓடுமே.

கரை அரிக்கும் இயக்கம் இன்றும் ஓயவில்லை. 1934இல் மேட்டூர் அணை நிறைவடைந்ததிலிருந்து, முகத்துவாரத்துக்கு வரவேண்டிய வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது. பூம்புகார்க் கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள் அலையின் வேகத்தைக் குறைக்கின்றனவே தவிர, அந்த மணலைத் திருப்பித் தருவதில்லை. அலைபடும் இடத்திலுள்ள உறைகிணறுகளும் சுவர்களும் உதிர்ந்துபோகும் முன், ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, காலம் கணித்து வைப்பதே இப்போது முதல் வேலை.