செத்தும் ஆறாத சூடு

பனிப்பாறை மிதக்கும் கடலில் கொல்லப்பட்ட திமிங்கிலம், ஐஸ் பெட்டியில் போட்ட மீன்போலக் கெடாமல் இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. உயிரோடு இருக்கும்போது அது தன் மிகைச் சூட்டைத் துடுப்புகளிலும் வால் மடல்களிலும் ஓடும் ரத்தத்தின் வழியே கடலில் விட்டுவிடும். இதயம் நின்றதும் அந்த வழி அடைபடுகிறது. மேலே கனத்த கொழுப்புப் போர்வை, உள்ளே மனிதனுக்கு இருப்பது போன்ற வெதுவெதுப்பு. குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வெளியே தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் உடல் உள்ளிருந்து அழுகத் தொடங்கும். அழுக அழுக, அதன் கொழுப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயில் அமிலம் கூடும், விலை இறங்கும்.

தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் கிரிட்விக்கன் திமிங்கில வேட்டை நிலையத்தில் ராப்பகலாக வேலை நடந்ததற்கு இந்தச் சூடுதான் காரணம். நார்வேக்காரரான கார்ல் அன்டன் லார்சன் 1904 நவம்பரில் அதைத் தொடங்கினார். வேட்டைக் காலம் வந்துவிட்டால் ஆளுக்கு 12 மணி நேர ஷிப்ட்.

கரையில் மரப்பலகை பதித்த பெரிய சாய்தளம். கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் எந்திரமான நீராவி வின்ச் திமிங்கிலத்தை அதன்மேல் இழுத்துப் போடும். ஹாக்கி மட்டைபோல வளைந்த, நீளக் காம்புள்ள கத்தியோடு ஒருவர் அதன்மேல் ஏறி, தலையிலிருந்து வால்வரை கீறிக்கொண்டே நடப்பார். எண்ணெயிலும் ரத்தத்திலும் வழுக்காமலிருக்க அவருடைய பூட்ஸின் அடியில் ஆணிகள். கீறிய பட்டையின் நுனியில் கம்பிவடத்தை மாட்டியதும் வின்ச் இழுக்கும். வாழைப்பழத் தோல்போலக் கொழுப்பு உரிந்து வரும். இறுகி நிற்கும் வடம் அறுந்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. கத்திக்காரர் உயிர் வின்ச் ஓட்டுபவர் கையில் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியேதான் வேலை செய்தாக வேண்டும். இந்த நிலையத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் நிற்பது இந்த இடத்தில்தான்.

உரித்த கொழுப்பைத் துண்டாக்கி நீராவிக் கொப்பரையில் வேகவைப்பார்கள். சூட்டில் கொழுப்புச் செல்கள் உடைந்து எண்ணெய் மேலே மிதக்கும். எலும்பை நீராவி ரம்பத்தால் அறுத்து, அதிலிருந்தும் எண்ணெய் எடுத்தார்கள். ஹைட்ரஜன் ஏற்றி எண்ணெயைக் கெட்டியாக்கும் முறை வந்தபின், அது சோப்பாக மட்டுமின்றி, வெண்ணெய்க்கு மாற்றான மார்கரினாகவும் ஐரோப்பிய வீடுகளுக்குள் போனது.

வீட்டை விட்டு மாதக்கணக்கில் தங்கிய அந்த ஆண்களுக்கு 1913 கிறிஸ்துமஸில் ஒரு தேவாலயம் கிடைத்தது. பின்னர் சினிமாக் கொட்டகை, கால்பந்துத் திடல், பனிச்சறுக்குத் தாவலுக்கு ஒரு மேடையும் வந்தன.

1925-இல் பக்கத்திலேயே கடலாய்வு நிலையம் அமைந்தது. கத்தி ஓடும் வேகத்துக்கு ஈடுகொடுத்து, அதே பலகைத் தளத்தில் ஆய்வாளர்கள் நீளம் அளந்தார்கள், வயிற்றைத் திறந்து இரையைப் பார்த்தார்கள், சினைப்பைகளைச் சோதித்தார்கள். திமிங்கிலம் எப்படி வளர்கிறது, எப்போது ஈனுகிறது என்ற அறிவில் பெரும்பங்கு அங்கே திரட்டப்பட்டது. அந்த அறிவு வேட்டையை நிறுத்தவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 1960-களின் நடுவில் வின்ச்சுகள் ஓய்ந்தபோது, அந்த ஒரு தீவின் நிலையங்களில் மட்டும் சுமார் 1,75,000 திமிங்கிலங்கள் வெட்டப்பட்டிருந்தன.