ஹோமா பே போனது என்றைக்கு, தம்பி?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது. மதுரையில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பிளேட்லெட் 38,000 என்ற இடத்தில் சிவப்பு மையில் வட்டம். கீழே ஒரு வரி: "அக்கா, நாலு நாளா காய்ச்சல். டெங்கு நெகட்டிவ். ஆனா பிளேட்லெட் இறங்குது. பப்பாளி இலைச் சாறு குடிக்கலாமா?"

அனுப்பியவருக்கு 27 வயது. நான் டாக்டராக இருக்கும் கென்யாவின் நைரோபியில்தான் அவருக்கும் ஓர் உதவி நிறுவனத்தில் வேலை. கொசுவலைகள் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றனவா என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுப்பவர். தங்கை கல்யாணத்துக்காக மதுரைக்குப் போயிருந்தார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஹோமா பே போனது என்றைக்கு, தம்பி?"

விக்டோரியா ஏரிக்கரையில் மலேரியா நிறைந்த கென்ய ஊர் அது. அங்கிருந்து திரும்பி 13 நாள் ஆகியிருந்தது.

அன்று மதியம் வேறொரு மருத்துவமனையில் ஸ்மியர் பார்த்தார்கள், அதாவது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஃபால்சிபாரம் மலேரியா, வகைகளிலேயே ஆளைக் கொல்லக்கூடியது. நூறு சிவப்பணுவில் ஆறில் கிருமி. அதற்குள் மஞ்சள் காமாலை, உளறல். ஐசியூவில் ஆர்ட்டிசுனேட் ஊசி ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். தங்கை கழுத்தில் தாலி ஏறியதை போனில் பார்த்தார்.

பிறகு கேட்டேன், "முதல் டாக்டரிடம் கென்யாவிலிருந்து வந்தேன்னு சொன்னீங்களா?"

"அவர் கேக்கலைக்கா."

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதுரையில் காய்ச்சலோடு ஓர் இளைஞர் வந்து நின்றால் நானும் டெங்கு என்றுதான் நினைப்பேன். மலேரியாவிலும் பிளேட்லெட் இறங்கும் என்பது எல்லா டாக்டர்களுக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வருவதுதான் கஷ்டம். ஆனால் இந்தத் தம்பிக்கு என்ன வந்தது? பகல் முழுக்க மலேரியா பற்றியே பேசிச் சம்பளம் வாங்குபவர். இப்படி என்னிடம் வந்தவர்களில் இந்த ஆண்டு இவர் ஐந்தாவது ஆள். ஐந்து பேரும் சுகாதாரத் துறைக்காரர்கள். ஒருத்தர்கூட மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரை போடவில்லை.

ஏன் போடவில்லை என்று கேட்டால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "கிண்டியில் ஊசி போட்டுக்கிட்டேனே!" அது மஞ்சள் காய்ச்சல் ஊசி, சாமி. கிங் இன்ஸ்டிடியூட்டில் தரும் அந்த மஞ்சள் அட்டை ஒரே ஒரு நோய்க்குத்தான். அட்டை இல்லாமல் இங்கிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள் என்பதால் அதை மட்டும் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்திருக்கிறோம். மலேரியா மாத்திரை போட்டாயா என்று எந்த விமான நிலையத்திலும் கேட்பதில்லை. அதனால் அது தேவையில்லை என்று ஆகிவிட்டது.

அடுத்தது, "நைரோபியில் மலேரியா இல்லையே." சரி, ஏறக்குறைய உண்மைதான். ஊர் 1,700 மீட்டர் உயரத்தில், குளிரில் இருக்கிறது. நானே இங்கே இருக்கும் நாட்களில் மாத்திரை போடுவதில்லை. ஆனால் உங்கள் வேலை நைரோபியிலா இருக்கிறது? விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கிசுமு. அங்கிருந்து வண்டியில் ஹோமா பே, சியாயா, மிகோரி. விக்டோரியா ஏரிக்கரை முழுக்க மலேரியா பூமி. கரையில் ஓமேனா மீன் காயும் வாசனை நம் ஊர் நெத்திலிக் கருவாட்டை ஞாபகப்படுத்தும். அந்தி சாயும்போது அங்கேயே நாற்காலி போட்டு, பொரித்த திலாப்பியா மீனும் மக்காச்சோளக் களியான உகாலியுமாக உட்கார்ந்துவிடுகிறோம். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவுக்கும் அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு நேரம்.

மூன்றாவது பதில் இருக்கிறதே, அதுதான் எனக்குக் கோபத்தை வரவழைப்பது. "கூட வேலை பார்க்கிற கென்யாக்காரங்க யாரும் போடறதில்லையே. நமக்கும் ஊரில் கொசுக்கடி பழக்கம்தானே, நம்ம உடம்பு தாங்கும்."

தாங்காது. ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த உங்கள் சக ஊழியருக்குக் கொஞ்சம் எதிர்ப்பு சக்தி இருப்பது உண்மைதான். அது எப்படி வந்தது தெரியுமா? பால் குடிக்கும் வயதிலிருந்து திரும்பத் திரும்ப மலேரியா வந்து, ஒவ்வொரு முறையும் பிழைத்து வந்தது. பிழைக்காதவர்கள் உங்களோடு வேலை பார்க்க வரவில்லை. உலகத்தின் மலேரியா மரணங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 ஆப்பிரிக்காவில். அதில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்தச் சக ஊழியரின் எதிர்ப்பு சக்திக்கு அந்த ஊர் கொடுத்த விலை அது. அப்படி வாங்கியதும் முழுக் கவசம் இல்லை. கிருமி உள்ளே வரும். பெரும்பாலும் ஆளைக் கொல்லாமல் போகும், அவ்வளவுதான். சில வருஷம் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பினால் அதுவும் தேய்ந்துவிடும். நைரோபியிலேயே வளர்ந்த கென்யாக்காரருக்கு உங்களைவிட அதிகமாக ஒன்றும் இருக்காது. அவரும் மாத்திரை போட வேண்டியவர்தான். அவரைப் பார்த்து நீங்கள் போடாமல் இருப்பது என்ன நியாயம்?

இந்தியர் என்பதால் தாங்கும் என்பதும் சும்மா. மதுரையில் வளர்ந்தவருக்கு மலேரியா வந்திருக்கவே வாய்ப்பு குறைவு. சென்னையில் எப்போதோ ஒருமுறை வந்திருந்தால் அது அநேகமாக வைவாக்ஸ் என்ற வேறு வகை மலேரியா. அந்த அனுபவம் ஃபால்சிபாரத்திடம் செல்லாது. டெங்குக் கொசுவிடம் ஆயிரம் கடி வாங்கியிருந்தாலும் அது டெங்குக் கொசுவின் கடிதான். ஆதாரைப் பார்த்துக் கடிக்கிற கொசு எதுவும் விக்டோரியா ஏரிக்கரையில் இல்லை.

சரி, என்ன செய்வது? டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினமும் ஒன்று. ஏரிக்கரைக்குப் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும், திரும்பி வந்து நான்கு வாரம் தொடர வேண்டும். இந்த நான்கு வாரத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். விலை குறைவு, ஆனால் வெயிலில் தோல் கறுக்கும், எரியும். இரவு சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீர் விட்டு விழுங்குங்கள். விழுங்கியதும் படுக்காதீர்கள். படுக்கையில் சாய்ந்தபடி எச்சிலில் மாத்திரை விழுங்கி, உணவுக்குழாய் புண்ணாகி, மூன்று நாள் தயிர்கூட இறங்காமல் ஒருத்தர் என்னிடம் வந்தார். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. நான்கு வாரம் முடியாது என்பவர்களுக்கு அட்டோவாகோன்-ப்ரோகுவானில் இருக்கிறது. திரும்பி வந்து ஏழு நாள் போட்டால் போதும், விலைதான் கடிக்கும். எது உங்களுக்கு என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மருந்துக்கடையில் மாமா கொடுத்தார் என்று குளோரோகுயினைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அதன் காலம் இங்கே எப்போதோ முடிந்துவிட்டது. மலாவி 1993இலேயே அதைக் கைவிட்டது.

வலை. அந்தத் தம்பி ஹோமா பேயில் ஒரு பாட்டி வீட்டில் தன் கையாலேயே வலையைக் கட்டிக்கொடுத்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் எப்படிச் செருகுவது என்றும் காட்டியிருக்கிறார். அன்று இரவு விடுதியில் அவர் கட்டிலுக்கு மேல் வலை ஒரு பெரிய முடிச்சாகத் தொங்கியது. முடிச்சு அவிழவில்லை. மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. முடிச்சு அவிழாவிட்டால் வரவேற்பில் போய்ச் சண்டை போடுங்கள். உங்கள் வலை ஒன்றைப் பையிலேயே வைத்திருப்பது இன்னும் நல்லது.

மலேரியா மட்டுமா என்றால், இல்லை. ஹெல்மெட் இல்லாமல் போடா போடாவில் (இங்கத்திய பைக் டாக்ஸி) ஏறாதீர்கள். இந்த வயதில் வெளிநாட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு எந்தக் கிருமியையும்விட சாலைதான் பெரிய எமன். ஏரித் தண்ணீரில் கால் நனைக்காதீர்கள், அதன் வழியாக வரும் நத்தைக் காய்ச்சல் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆனால் காய்ச்சல் விஷயத்தில் ஒன்றைத் தயவுசெய்து கேளுங்கள். ஊருக்குத் திரும்பி மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றே ரத்தம் கொடுங்கள். டாக்டர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லுங்கள்: "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா ஸ்மியர் பாருங்கள்." முதல் ஸ்மியர் நெகட்டிவ் என்றால் நிம்மதியாகத் தூங்கப் போய்விடாதீர்கள், 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் இன்னொன்று, பிறகு மூன்றாவது. டைபாய்டுக்கான வைடால் பரிசோதனை பாசிட்டிவ், டைபாய்டுதான் என்று யாராவது ஆறுதல் சொன்னாலும் ஸ்மியரை விடாதீர்கள். (வைடாலைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.) மாத்திரை ஒழுங்காகப் போட்டவருக்கும் இதே விதிதான்.

தம்பி வீடு திரும்பிய வாரம் அவருடைய அம்மா போன் செய்தார். "டாக்டரம்மா, அந்த மாத்திரை விவரத்தைத் தமிழில் எழுதி அனுப்புங்க. அவன் சொன்னா எனக்குப் பாதிதான் சொல்லுவான்." அவருக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே போட்டிருக்கிறேன். தம்பி இப்போது மறுபடி ஹோமா பேயில். ராத்திரி எட்டு மணிக்கு, மதுரையில் அப்போது பத்தரை, அம்மா தினமும் கூப்பிடுகிறாராம். முதலில் சாப்பிட்டியா, அப்புறம் மாத்திரை.