பல்லை மூடும் ஈறு

பிள்ளைக்கு ஈறு தடித்தால் "ஒழுங்கா பல் தேய்க்கிறதில்ல" என்றுதான் முதலில் திட்டு விழும். ஆனால் காரணம் எப்போதும் அதுவல்ல. அழுக்கால் வீங்கிய ஈறு சிவந்து மெத்தென்று இருக்கும், பிரஷ் பட்டாலே ரத்தம் கசியும். பரம்பரையாக வளரும் ஈறு அப்படியில்லை. வெளிர் ரோஜா நிறம், கெட்டி, வலியும் இருக்காது. பெரும்பாலும் நிரந்தரப் பற்கள் முளைக்கும் வயதில் மெல்ல ஏறி, சிலருக்குப் பல்லையே மூடிவிடும். பல் வெளியே வரத் தாமதமாகும், உதடு சேராது, மெல்லவும் பேசவும் சிரமம்.

இது மிக அரிய நோய். ஈறிலுள்ள நார்ச்செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அளவுக்கு மீறிச் சேர்ப்பதுதான் கோளாறு. 2002இல் பிரேசில் குடும்பம் ஒன்றில் காரணம் பிடிபட்டது: எஸ்ஓஎஸ்1 என்ற மரபணுவின் குறியீட்டில் ஒரேயோர் எழுத்து கூடுதலாக நுழைந்திருந்தது. அதனால் அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் வால் பகுதி துண்டாகி, செல்லுக்குப் போகும் 'வளர்' என்ற கட்டளை அடங்காமல் நீள்கிறது. வேறு குடும்பங்களில் வேறு மரபணுக்களும் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பெரும்பாலான குடும்பங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு.

"தாத்தாவுக்கும் ஈறு வீங்கியிருந்தது" என்றால் உடனே பரம்பரை என்று முடிவுகட்ட வேண்டாம். அவர் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபைன் சாப்பிட்டிருக்கலாம், அதுவும் ஈறை வளர்க்கும். வலிப்புக்கான ஃபெனிடோயின், சிறுநீரக மாற்றுக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவையும் அப்படியே. அதனால்தான் மருத்துவர் மருந்துகளைக் கேட்கிறார். சிலவகை ரத்தப் புற்றுநோயிலும் ஈறு வீங்குவதால் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார். எக்ஸ்ரேயில் உள்ளே பல் இருக்கிறதா என்று தெரியும். ஒரு சிறு துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சி குறைவாகவும் நார்க்கட்டுகள் நெருக்கமாகவும் தெரியும். பழைய கல்யாண ஆல்பம் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். பாட்டி இளம் வயதில் சிரித்த படம் ஒன்று மருத்துவருக்கு உண்மையிலேயே உதவும்.

மாத்திரை எதுவும் இதற்கில்லை. மிஞ்சிய ஈறை வெட்டி எடுக்க வேண்டும், கத்தியாலோ லேசராலோ. பொதுவாக வாயின் ஒவ்வொரு பகுதியாகச் செய்வார்கள். நிரந்தரப் பற்கள் வந்து முடியும்வரை காத்திருப்பது நல்லது, ஏனெனில் முன்பே வெட்டினால் மறுபடி வளர வாய்ப்பு அதிகம். ஆனால் சாப்பிடவே முடியாமலோ, சக மாணவர்களின் கேலியால் ஒடுங்கியோ இருக்கும் பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாது என்பதே என் எண்ணம். ஆறியபின் வரிசையைச் சரிசெய்யக் கம்பி போடலாம். மறுபடி வளர்ந்தால் மீண்டும் வெட்டலாம். பல் சுத்தமாக இருந்தால் ஈறில் அழற்சி அதிகமாகாது, அதனால் பிரஷை விடக் கூடாது. தம்பி தங்கை இருந்தால் அவர்கள் ஈறையும் அடுத்த முறை காட்டிவிடுங்கள்.